ஓர் எண் தேதியாக மாறியபோது: பொறியியல் தேவைகளைப் பராமரிக்க மென்பொருள் தேர்ந்தெடுத்த அனுபவம்

வாகன நிறுவனத்திலிருந்து தணிக்கைக்கு வந்தவர் அதிகம் பேசாதவர். எங்கள் தயாரிப்பு என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று வரிவரியாக எக்செலில் எழுதிவைத்த தேவைப் பட்டியலைத் திரையில் சிறிது நேரம் உருட்டிப் பார்த்துவிட்டு ஒரு வரியில் நிறுத்தினார். "பேட்டரி செல்லின் வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே இருந்தால் சார்ஜ் ஏறக் கூடாது என்று எழுதியிருக்கிறீர்கள். இதைச் சோதித்த அறிக்கையைக் காட்டுங்கள்" என்றார்.

அந்த வரிக்கு நேராக, 'சோதனை எண்' என்ற கட்டத்தில் 03-ஏப்ரல் என்று இருந்தது.

அறையில் ஆறு பேர் இருந்தோம். சோதனை எண் எப்படி ஏப்ரல் மூன்றாம் தேதி ஆகும் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகுதான் பிடிபட்டது. யாரோ 3-4 என்று தட்டியிருக்கிறார்கள். மூன்றாவது தொகுப்பின் நான்காவது சோதனை. எக்செல் அதைத் தேதி என்று எடுத்துக்கொண்டு, கேட்காமலே மாற்றி வைத்திருக்கிறது. சரி, 3-4 என்ற சோதனையைத் திறந்தால் அது சார்ஜரை ஏற்றி இறக்கிப் பார்க்கும் வேறு ஏதோ சோதனை. இடையில் யாரோ தொகுப்புகளுக்குப் புதிய எண் போட்டிருந்தார்கள். குளிர்ப்பெட்டியில் வைத்து நாங்கள் சோதித்தது உண்மை, நன்றாகச் சோதித்ததும் உண்மை. அதை நிரூபிக்க அந்தக் காலைப்பொழுது முழுவதும் போயிற்று. வந்தவர் தன் குறிப்பேட்டில் ஒரே வரி எழுதிக்கொண்டார்: தடம் இல்லை.

அன்றுதான் எங்கள் எக்செல் காலம் முடிந்தது. அதற்குப் பதிலாக எதைக் கொண்டுவருவது என்று முடிவு செய்ய எட்டு மாதங்கள் ஆயின. அவற்றில் முதல் மூன்று மாதங்கள் வீண்.

எங்கள் தொழிலும் எங்கள் பட்டியலும்

நிறுவனம் கோயம்புத்தூரில் இருக்கிறது. முப்பது பேர். மின்சார ஸ்கூட்டர்களுக்கும் மூன்று சக்கர வண்டிகளுக்கும் பிஎம்எஸ் செய்கிறோம். பேட்டரிக்குள் உட்கார்ந்துகொண்டு செல்களின் மின்னழுத்தத்தையும் வெப்பத்தையும் கண்காணித்து, எல்லை மீறினால் இணைப்பைத் துண்டிக்கும் மின்னணுப் பலகை அது. உள்ளங்கை அளவுதான். ஆனால் அது என்ன செய்ய வேண்டும், என்ன செய்யவே கூடாது என்று சொல்லும் வரிகள் அறுநூறைத் தாண்டும். அவற்றைத்தான் தேவைகள் என்கிறோம்.

இந்த வரிகள் மூன்று பக்கங்களிலிருந்து வருகின்றன. வண்டி செய்பவர் தருவது ஒன்று. அரசின் தரநிலைகள் இன்னொன்று. மூன்றாவது, பழைய பலகைகள் கெட்டுப்போனபோது நாங்களே கற்றுக்கொண்டது. வாடிக்கையாளரின் ஒரு வரி எங்கள் கையில் நான்கைந்து வரிகளாகப் பிரியும்: மின்சுற்றுக்கு இரண்டு, மென்பொருளுக்கு இரண்டு, அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனை. மேலே ஒரு வரி மாறினால் கீழே எவையெல்லாம் ஆட்டம் காண்கின்றன என்று தெரிய வேண்டும். இந்தத் தொழிலில் பட்டியலின் வேலையே அதுதான்.

2022 கோடையில் மின்சார ஸ்கூட்டர்கள் அங்கங்கே தீப்பிடித்து எரிந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அதைத் தொடர்ந்து பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏஐஎஸ் 156 தரநிலையை இறுக்கினார்கள். அதன் மூன்றாவது திருத்தத்தின் முதல் கட்டம் 2022 டிசம்பர் 1 முதலும் இரண்டாம் கட்டம் 2023 மார்ச் 31 முதலும் நடைமுறைக்கு வந்தன. திருத்தம் வெளியான அன்றே எங்கள் நிர்வாக இயக்குநர் கேட்ட கேள்வி நியாயமானது: "நம் பட்டியலில் இது எந்தெந்த வரிகளைத் தொடுகிறது?" பதில் சொல்ல இரண்டு பேர் ஒரு வாரத்துக்கு மேல் உட்கார்ந்தார்கள். வந்த பதிலை அவர்களே நம்பவில்லை.

காரணம், எங்கள் தொடர்புகள் எல்லாம் எக்செலின் வரிசை எண்ணை நம்பி நின்றன. 'மேல் தேவை: வரிசை 212' என்று எழுதியிருப்போம். நடுவில் ஒருவர் புதிதாக ஒரு வரியைச் செருகுவார். 212 இப்போது 213. இன்னொருவர் ஒரு நெடுவரிசையை மட்டும் அகரவரிசையில் அடுக்குவார். பக்கத்து நெடுவரிசைகள் இருந்த இடத்திலேயே நிற்கும். மின்னஞ்சலில் 'இறுதி', 'இறுதி புதியது', 'இறுதி புதியது திருத்தியது' என்று மூன்று கோப்புகள் உலவும்.

ஆனாலும் எக்செலைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. சோதனைக்கூடத்தில் இருப்பவருக்கும் கொள்முதல் பிரிவில் இருப்பவருக்கும் அது திறக்கத் தெரியும். இந்த ஒரு குணம் எவ்வளவு பெரியது என்பது பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

வீணான மூன்று மாதங்கள்

பொருள் வாங்குவதென்றால் ஒப்பீட்டு அட்டவணை போட வேண்டும் என்பது எங்கள் அலுவலக வழக்கம். போட்டோம். எண்பதுக்கும் மேற்பட்ட அம்சங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை மதிப்பெண் என்று வைத்து, ஏழு விற்பனையாளர்களுக்கு அனுப்பினோம். ஏழு பேரும் ஏறக்குறைய எல்லாக் கட்டங்களிலும் 'உண்டு' என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. 'பயன்படுத்த எளிதாக இருக்க வேண்டும்' என்று கேட்டால் யார்தான் இல்லை என்பார்கள்?

இதிலிருந்த வேடிக்கை, அட்டவணையைத் திரும்பப் படித்தபோதுதான் கண்ணில் பட்டது. தேவைகளை எழுதுவதைப் பற்றிப் பேசும் ஐஎஸ்ஓ 29148 தரநிலை, ஒரு தேவை ஒரே பொருளைத் தர வேண்டும், ஒரு வரியில் ஒன்றே இருக்க வேண்டும், சரிபார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது. புதிதாகச் சேரும் பையன்களுக்கு இதை நாங்களே வகுப்பெடுக்கிறோம். எங்கள் அட்டவணையில் பாதி வரிகள் இந்த மூன்றிலும் தோற்றுப்போகும். 'வேகமாகவும் நம்பகமாகவும் எளிதாகவும்' என்று ஒரு வரி. அதை எழுதியது நான்தான்.

மதிப்பெண்களைக் கூட்டிப் பார்த்ததில் விலை அதிகமான மென்பொருளே முதலிடத்தில் வந்தது. அட்டவணையில் அம்சங்களுக்குத்தான் மதிப்பெண் வைத்திருந்தோம்; யார் பயன்படுத்தப் போகிறார்கள் என்பதற்குக் கட்டமே இல்லை.

சந்தையில் இருப்பவை

அட்டவணையால் கிடைத்த ஒரே பயன், சந்தையைப் புரிந்துகொண்டது. தேவைகளைப் பராமரிக்கும் மென்பொருள்கள் ஏறக்குறைய நான்கு குடும்பங்கள்.

மூத்த குடும்பத்தின் தலைவர் டோர்ஸ். ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த கியூஎஸ்எஸ் என்ற நிறுவனம் தொண்ணூறுகளில் கொண்டுவந்தது. 2000-இல் ஸ்வீடனின் டெலிலாஜிக் கைக்கும், 2008-இல் ஐபிஎம் கைக்கும் போயிற்று. விமானம், ராணுவம், கார் என்று பெரிய துறைகளில் இன்றும் கோலோச்சுகிறது. ஒவ்வொரு தேவையும் அதில் தனிப் பொருள். அதற்கு ஓர் எண் உண்டு; தேவையை அழித்தாலும் அந்த எண்ணை வேறொன்றுக்குத் தராது. எங்கள் 'வரிசை 212' கதைக்கு மருந்து இந்த ஒரு விதிதான்.

அடுத்தது உலாவியில் இயங்கும் குடும்பம்: ஜமா, போலாரியன், கோட்பீமர் போன்றவை. தேவை, சோதனை, கோளாறு மூன்றையும் ஒரே இடத்தில் கட்டிவைப்பவை. மூன்றாவது, உரைக்கோப்புக் குடும்பம். டோர்ஸ்டாப், ஸ்ட்ரிக்ட்டாக் போன்ற திறந்தமூல மென்பொருள்கள் ஒவ்வொரு தேவையையும் சாதாரண எழுத்தாக, நிரல்வரிகளோடு சேர்த்து, மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் என்ற மென்பொருளில் வைக்கின்றன. டோர்ஸ்டாப் என்ற பெயரிலேயே மூத்தவரைச் சீண்டும் குறும்பு தெரிகிறது.

நான்காவது, ஏற்கெனவே வேலைகளைப் பின்தொடர வைத்திருக்கும் ஜிரா போன்ற ஒன்றிலேயே தேவைகளையும் போட்டுவிடுவது. எங்கள் மென்பொருள் குழு இதைத்தான் முதலில் கேட்டது. கூடுதல் செலவில்லை என்பது அவர்கள் வாதம். நான் மறுத்தேன். அந்த மாதிரிக் கருவியில் ஒரு சீட்டைத் திறப்போம், வேலை முடிந்ததும் மூடுவோம். தேவை அப்படி மூடப்படுவதில்லை. 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏறக் கூடாது என்பது அந்தப் பலகை சாலையில் ஓடும் கடைசி நாள் வரை உயிரோடு இருக்கும். மூடிய சீட்டுகளின் குவியலில் அதைத் தேடும் நிலை வரக் கூடாது. துணை நீட்சிகள் போட்டுச் சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்கு அது ஒட்டுப்போட்ட சட்டையாகப் பட்டது.

கைமாறும் வரலாறும் கவனிக்க வேண்டியது. போலாரியனை சீமென்ஸ் வாங்கியது. கோட்பீமரை 2022-இல் பிடிசி வாங்கியது. கருவியின் உரிமையாளர் மாறுவார், விலைக்கொள்கை மாறும். பலகைக்கான பொறுப்பு மட்டும் பல ஆண்டுகளுக்கு நம்மோடு இருக்கும். ஆகவே உள்ளே போட்டதை முழுதாக வெளியே எடுக்க முடிய வேண்டும். இதற்கென்றே ரெக்ஐஎஃப் என்ற பொது வடிவம் இருக்கிறது. ஜெர்மன் கார் நிறுவனங்கள் சப்ளையர்களோடு தேவைகளைப் பரிமாறிக்கொள்ளத் தொடங்கியதில் பிறந்து, 2011-இல், மென்பொருள் துறைக்குத் தரநிலைகள் வகுக்கும் ஓஎம்ஜி அமைப்பின் தரநிலை ஆனது. தேவைகள், அவற்றின் பண்புகள், படிநிலை, இடையிலான இணைப்புகள் எல்லாம் அதில் போகும். யார் எப்போது ஒப்புதல் தந்தார், வரி முன்பு எப்படி இருந்தது என்ற வரலாறு அதில் போகாது. பெண்ணோடு சீர் வரும், ஊர்க்கதை வராது.

ஒரே ஒரு மாற்றம்

அட்டவணையைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு வழி எடுத்தோம். எங்களிடம் நிஜமாகவே வந்து நிற்கும் ஒரு மாற்றத்தை எடுத்து, அதை ஒவ்வொரு மென்பொருளிலும் தலை முதல் கால் வரை ஓட்டிப் பார்ப்பது. மாற்றம் கைவசம் இருந்தது. தணிக்கையில் மாட்டிய அதே வரிதான்.

லித்தியம் அயனி செல்லை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால், லித்தியம் எதிர்மின்முனைக்குள் நுழையாமல் அதன் மேற்பரப்பில் உலோகமாகப் படியத் தொடங்கும். படிந்தது வளர்ந்தால் செல்லுக்குள்ளேயே குறுக்குச்சுற்று ஏற்படலாம். அதனால்தான் அந்த 0 டிகிரி. வாடிக்கையாளர் இப்போது வேறு செல்லுக்கு மாறியிருந்தார். 0 முதல் 10 டிகிரி வரை குறைந்த மின்னோட்டத்தில் மட்டும் சார்ஜ் செய்யலாம் என்பது புதிய செல்லின் விதி. கேட்கச் சின்ன மாற்றம். ஆனால் அது மென்பொருளில் ஒரு புதிய நிலையைக் கேட்கிறது. சார்ஜரோடு பேசும் செய்தியில் மின்னோட்ட எல்லையைச் சேர்க்கச் சொல்கிறது. வெப்ப உணரியின் பிழை அளவை மறுபடி கணக்கிட வைக்கிறது. உணரி ஒன்றிரண்டு டிகிரி தவறாகச் சொன்னால் எல்லைக்கோட்டை அதற்கேற்ப உள்ளே தள்ள வேண்டும். சோதனைகளில் ஒன்று செல்லாமல் போகிறது, மூன்று புதிதாக வருகின்றன.

செய்ய வேண்டியவை ஐந்து. பழைய பட்டியலை உள்ளே ஏற்றுவது. அந்த வரியை மாற்றி, எவை பாதிக்கப்படுகின்றன என்று கேட்பது. மூன்று பேரிடம் ஒப்புதல் வாங்குவது. அந்த நிலையை உறையவைத்து முந்தையதோடு ஒப்பிடுவது. எல்லாவற்றையும் வெளியே எடுத்து வேறொரு மென்பொருளில் திறப்பது. விற்பனையாளரின் ஆள் விசைப்பலகையைத் தொடக் கூடாது என்பது நிபந்தனை. செய்தவர்கள் எங்கள் மின்சுற்று வடிவமைப்பாளர், சேர்ந்து நான்கு மாதமே ஆன பையன், சோதனைக்கூடப் பொறுப்பாளரான அக்கா. நான் பக்கத்தில் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

நான்காவதை விட்டுவிட்டு, மற்ற ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் ஒன்றாக மூன்றை எடுத்தோம். பெயர்களைச் சொல்லவில்லை, எங்கள் அளவுக்கு நடந்ததை வைத்து யாருக்கும் சான்றிதழ் தர முடியாது.

மூத்த குடும்பத்துக் கருவி இரண்டாவது வேலையில் அசத்தியது. வரியை மாற்றிய நொடியில் அதோடு இணைந்தவை எல்லாம் 'சந்தேகத்துக்குரியவை' என்று குறியிடப்பட்டன. வெப்ப உணரியின் பிழை அளவைப் பற்றிய வரியும் அதில் இருந்தது; எங்கள் தலையிலிருந்து எழுதிய பட்டியலில் அது விட்டுப்போயிருந்தது. மூன்றாவது வேலையில் தடுக்கியது. அக்கா திரையைப் பார்த்துவிட்டு, "இதை எனக்கு அச்செடுத்துக் கொடுத்துவிடு தம்பி, நான் பேனாவால் குறித்துத் தருகிறேன்" என்றார். அப்படிக் குறித்துத் தரும் தாளை யார் மறுபடி உள்ளே ஏற்றுவது? இன்னொரு எக்செல் பிறக்கும்.

உரைக்கோப்புக் கருவி எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்தது. எந்தச் சொல் மாறியது, யார் மாற்றினார், ஏன் என்பதெல்லாம் கிட்டில் துல்லியமாக நிற்கிறது. மேல் தேவையின் எழுத்திலிருந்து கணக்கிட்ட ஒரு குறியீட்டை இணைப்பின் கைரேகையாக வைத்திருக்கும்; மேல் தேவை மாறினால் அது பொருந்தாது, உடனே எச்சரிக்கும். காசும் இல்லை. ஆனால் முப்பது பேரில் கிட் பழகியவர்கள் ஒன்பது பேர். வடிவமைப்பாளர் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு, "நான் பலகை வரைகிறவன்" என்று மட்டும் சொல்லி எழுந்து போனார்.

உலாவிக் கருவி எதிலும் முதலிடம் வரவில்லை. ஏற்றுவதில் தொல்லை கொடுத்தது. உறைந்த நிலைகளை ஒப்பிடும் திரை குழப்பமாக இருந்தது. ரெக்ஐஎஃப் வழியாக வெளியே எடுத்தபோது தேவைக்குள் இருந்த அட்டவணைகள் கோடிழந்து வெறும் எழுத்தாயின. ஆனால் அக்கா தன் இருக்கையிலிருந்தே அந்த வரியைத் திறந்தார், 'எந்த இடத்தில் அளந்த வெப்பநிலை? செல்லின் உடலிலா, பேட்டரிப் பெட்டியின் சுவரிலா?' என்று கருத்து எழுதினார், அனுப்பினார். யாரும் சொல்லித்தரவில்லை. அந்தக் கேள்வியே தேவையின் ஓட்டையைக் காட்டியது. அதுவரை ஐந்து பேர் படித்து ஒப்புதல் தந்திருந்த வரி அது.

அந்தக் கருவியைத்தான் எடுத்தோம்.

பணமும் தணிக்கையும்

செலவைப் பற்றிச் சுருக்கமாக. உரிமத்தின் விலையைவிட உரிமத்தின் வகை முக்கியம். எழுதுபவர்கள் எங்களில் ஏழெட்டுப் பேர். மற்றவர்கள் படித்துக் கருத்துச் சொல்பவர்கள். எல்லோருக்கும் முழு உரிமம் வாங்கச் சொன்ன விலைப்பட்டியல்கள் அங்கேயே நின்றன. இதற்கு மேல் ஓர் ஆளின் நேரத்தில் ஒரு பகுதி கருவிக்கே போய்விடும். அதை எந்த விற்பனையாளரும் விலைப்பட்டியலில் எழுதுவதில்லை.

ஐஎஸ்ஓ 26262 பற்றியும் கேள்வி வந்தது. கார்களின் மின்னணுப் பாதுகாப்புக்கான அந்தத் தரநிலையின் 2018 பதிப்பில்தான் இருசக்கர வாகனங்களுக்கென்று 12ஆம் பகுதி சேர்ந்தது. அதன் 8ஆம் பகுதி, பயன்படுத்தும் மென்பொருள் கருவியை எவ்வளவு நம்பலாம் என்று மதிப்பிடச் சொல்கிறது. கருவி தவறினால் பாதுகாப்புத் தேவை ஒன்று காணாமல் போகுமா, போனால் அது வேறு வழியில் கண்ணில் படுமா என்பவை இரண்டு கேள்விகள். 'சான்றிதழ் பெற்ற கருவி' என்ற முத்திரையைக் காட்டி அதிக விலை சொன்னார்கள். நாங்கள் வேறு வழியில் போனோம்: வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் வெளியே எடுத்து, தேவைகளின் எண்ணிக்கையையும் இணைப்புகளையும் சென்ற வாரத்தோடு ஒப்பிடும் சிறிய நிரல் ஒன்று. தவறு நடந்தால் அதில் தெரிந்துவிடும் என்பதால், கருவிக்குத் தனித் தகுதிச்சான்று தேவைப்படாத நிலையில் அதை வைத்து மதிப்பீட்டை முடிக்க முடிந்தது.

குடிபெயர்வு

தேர்வைவிடக் கடினமானது பழைய பட்டியலைத் தூக்கி வைப்பது. ஒரு வரியில் 'மற்றும்' வந்தால் அதை இரண்டாக உடைத்தோம். தேவையே அல்லாத ஆசைகளும் குறிப்புகளும் நிறைய இருந்தன, களைந்தோம். புதிய கருவியில் 'காரணம்' என்ற புலத்தைக் கட்டாயமாக்கினோம். அங்கேதான் தொண்டையில் சிக்கியது.

'சார்ஜரை இணைத்து 5 விநாடி கழித்தே மின்னோட்டம் பாய வேண்டும்' என்று ஒரு வரி. ஏன் 5? ஒருவருக்கும் தெரியவில்லை. நீக்கப் பயம், வைத்திருக்கவும் காரணம் இல்லை. ஓய்வு பெற்றுப் பொள்ளாச்சியில் இருக்கும் எங்கள் பழைய தலைமைப் பொறியாளருக்குத் தொலைபேசினேன். சிரித்தார். "அது நம் முதல் சார்ஜருக்காக எழுதியது தம்பி. அதிலிருந்த ரிலே இணைத்ததும் படபடவென்று அடித்துக்கொள்ளும். அது அடங்கட்டும் என்று வைத்தோம். அந்தச் சார்ஜர் போய் ஆறு வருடம் இருக்குமே?" என்றார். ஆறு வருடங்களாக ஒவ்வொரு பலகையும் இல்லாத ரிலேக்காகக் காத்திருந்திருக்கிறது.

எங்களுக்கு 5 விநாடிதான் நட்டம். 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் தன் முதல் பயணத்தில் 40 விநாடிகூட முழுதாகப் பறக்கவில்லை. திசைக் கருவியைச் சீர்ப்படுத்தும் மென்பொருள் பகுதி ஒன்று, ராக்கெட் கிளம்பிய பிறகும் சுமார் 40 விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தது. கடைசி நொடியில் எண்ணிக்கை நின்றுபோனால் விரைவாக மறுபடி தொடங்குவதற்காக ஏரியான் 4-இல் வைத்த தேவை அது. ஏரியான் 5-க்கு அதனால் பயன் இல்லை. ஆனால் பட்டியலோடு அதுவும் வந்துவிட்டது. புதிய ராக்கெட்டின் பாதை வேறு, கிடைவேகம் அதிகம். அந்தப் பகுதியில் ஒரு பெரிய எண் 16 பிட் முழு எண்ணுக்குள் அடங்காமல் வழிந்தது. முதன்மைக் கணினி, மாற்றுக் கணினி இரண்டிலும் அதே மென்பொருள், இரண்டும் நின்றன. எங்கள் கருவியில் 'காரணம்' புலத்தைக் காலியாக விட்டுச் சேமிக்க முடியாமல் பூட்டியபோது முணுமுணுத்தவர்களுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். முணுமுணுப்பு நிற்கவில்லை, ஆனால் நிரப்பினார்கள். 'தெரியவில்லை' என்று நிரப்பியவர்களும் உண்டு. அதையும் ஏற்றுக்கொண்டோம். எங்கே தெரியவில்லை என்பதாவது இப்போது தெரிகிறது.

அடுத்த ஆண்டு அதே தணிக்கையாளர் வந்தார். தேநீர் குடித்துவிட்டு அதே வரியைக் கேட்டார். அக்கா தேவையைத் திறந்து, கீழே இருந்த சோதனையைத் தொட்டு, அறிக்கையைக் காட்டினார். தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. பிறகு அவர் வேறொரு வரியில் எங்களைப் பிடித்தார். அது தனிக் கதை.

கொள்முதல் பிரிவில் இன்னும் எக்செல்தான் வேண்டும் என்கிறார்கள். மாதம் ஒருமுறை கருவியிலிருந்து எடுத்து அனுப்புகிறோம். சோதனைகளுக்கு இப்போது சோ-0304 என்ற மாதிரி எண் வைத்திருக்கிறோம். எக்செல் அதைத் தேதியாக மாற்றுவதில்லை. சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் வைத்தோம்.